ஆயாவோட தாயமும் என்னோட திருட்டுப் பகடையும்

ஒரு பன்னெண்டு வயசுப் பொண்ணுகிட்ட வசமா வாங்கிக் கட்டிக்கிட்ட கதை இது. நல்லா உறைக்கிற மாதிரி கேட்டா. அதான் எழுதி வெச்சிடலாம்னு.

முதல்ல ஆயாகிட்டேர்ந்து ஆரம்பிக்கிறேன். விழுப்புரத்துல எங்க ஆயா வீட்டுத் திண்ணையில சாக்பீஸால தாயக்கட்டம் போட்டா, அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் யாரும் எழுந்திரிக்க மாட்டோம். ரெண்டு பித்தளைக் கட்டை. ஒவ்வொண்ணுலயும் நாலு முகம்: வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணு. ஒண்ணும் வெறுமையும் சேர்ந்தாத்தான் தாயம், ரெண்டும் வெறுமைன்னா பன்னெண்டு. தாயம் விழாம காய் இறங்காது. கணக்குப் போட்டா மொத்தம் 16 வகையா விழலாம், அதுல தாயம் ரெண்டே வகை. அதாவது எட்டுல ஒண்ணு. எட்டு தடவை உருட்டியும் தாயம் விழாதவங்க மூணு பேருக்கு ஒருத்தர் இருப்பாங்க. அந்த ஒருத்தன் எப்பவும் நான்தான் :-(

நான் கடைக்குட்டி. மூக்கை உறிஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அதனால ஆயா ஆட்டம் ஆரம்பிக்கும்போதே சத்தமா ஒரு சட்டம் போடும்: "இந்தாங்கடா, சின்னவனுக்குப் பத்து தடவை தாயம் விழலன்னா சும்மாவே ஒரு காய் இறக்கலாம். யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லு." யாரும் சொல்ல மாட்டாங்க. காய் இறங்கினப்புறம் அதே ஆயா அஞ்சாவது கட்டத்துல என்னை இரக்கமே இல்லாம வெட்டும். "ஆட்டம்னா ஆட்டம்டா" அப்படின்னும் சொல்லும்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

அக்கா வீடு திண்டிவனம். வாரக்கடைசியில விழுப்புரத்துல ரயில் ஏறி, முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வாசனையைப் பிடிச்சுக்கிட்டு, விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் தாண்டி அங்க போயிடுவேன். மாமா தவறி எட்டு மாசம் ஆகியிருந்தது. அக்கா பொண்ணுக்குப் பன்னெண்டு வயசு, பையனுக்குப் பத்து. வீடு ரொம்ப அமைதியா இருந்தது. அதுங்களுக்கு எதாவது செய்யணும்னு தோணி, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆரம்பிச்சேன்.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட விளையாட்டு. பலகை, காய் எதுவும் கட்டாயம் இல்ல. ஒருத்தர் கதை நடத்துவார், அவர்தான் கேம் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். "நான் கதவை உடைக்கிறேன்"னு சொன்னா உடையுமா உடையாதான்னு 20 முகப் பகடை சொல்லும். எதிரிகளுக்காக மாஸ்டர் உருட்டுவார், பெரும்பாலும் ஒரு அட்டை மறைப்புக்குப் பின்னாடி.

அடிப்படை விதிகள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. டிராகன் எல்லாம் நமக்கெதுக்குன்னு நான் செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கிட்டேன். 1690-லேர்ந்து 1698 வரைக்கும் ஔரங்கசீப்போட தளபதி ஜுல்ஃபிகார் கான் வெளிய முற்றுகை போட்டிருக்கான், உள்ள மராட்டிய ராஜா ராஜாராம். கோட்டை விழறதுக்கு முன்னாடி ராஜாராம் தப்பிச்சுப் போனது வரலாறு. அவருக்கு வழி கண்டுபிடிக்கிற வேலை எங்க வீட்டுப் பசங்களுக்கு. ராஜகிரி மேல போனவங்களுக்குத் தெரியும், உச்சிக்குக் கொஞ்சம் கீழே மலை பிளந்து கிடக்கும், அதுக்கு மேல ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்துலதான் நான் தப்பு பண்ணேன்.

பாப்பாவோட பாத்திரம் பேரு மல்லி, குதிரைக்காரி. மொத்த உயிர்ப்புள்ளி ஒன்பது, அப்போ மிச்சம் நாலு. பாலத்துல ஓடறா. கீழேர்ந்து ஒரு சிப்பாய் துப்பாக்கியால சுடறான். மறைப்புக்குப் பின்னாடி உருட்டினேன். 20. அதாவது ஒண்ணுக்கு ரெண்டு பகடை அடி. ரெண்டு 12 முகப் பகடையை உருட்டினேன், 15. நாலு போக மீதி பதினொண்ணு, அது அவளோட மொத்த ஒன்பதைத் தாண்டிடுச்சு. விதிப்படி மயக்கம்கூட இல்ல, அந்த இடத்துலயே சாவு.

நிமிர்ந்து பார்த்தேன். எட்டு மாசத்துல முதல் தடவையா அந்த முகத்துல ஒரு பரபரப்பு. "மூணுதான் விழுந்துச்சு. குண்டு தலைக்கு மேல போயிடுச்சு"ன்னு சொல்லிட்டேன். கத்திக்கிட்டே குதிச்சா. அக்கா அடுப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்துச் சிரிச்சுது. ரயில்ல திரும்பும்போது எனக்கு என்னா பெருமை!

ஒண்ணை மறந்துட்டேன். சின்னவன் அப்பத்தான் தண்ணி குடிக்கப் போயிட்டு என் முதுகுப்பக்கமா வந்திருக்கான்.

ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டுக்கும் சண்டை. "நீ ஒண்ணும் தப்பிக்கல. உனக்கோசரம் மாமா பொய் சொன்னாரு. இருவது விழுந்துச்சு, நான் பார்த்தேன்"னு போட்டு உடைச்சான்.

அவ என்கிட்ட வந்து நின்னா. கோபமா இருந்திருந்தா சமாளிச்சிருப்பேன். மெதுவாத்தான் கேட்டா. "ஸ்கூல்ல வீட்டுப்பாடம் எழுதலன்னாலும் என்னை மட்டும் திட்டறதில்ல மாமா. கேரம்ல அம்மா வேணும்னே விட்டுக் கொடுக்குது. எல்லாரும் அப்படித்தான் இருக்காங்க. நீயுமா?"

பதில் இல்ல என்கிட்ட.

எனக்கு ஆதரவா பெரிய ஆளுங்க இருக்காங்கதான். கைகாக்ஸே 1979-ல எழுதின மாஸ்டர் கையேட்டுல, பகடையை மீறுற உரிமை மாஸ்டருக்கு உண்டுன்னு சொல்லியிருக்கார். 2014 கையேடும் மறைப்புக்குப் பின்னாடி மாத்திக்கலாம்னு ஒத்துக்குது. ஆனா அடிக்கடி செய்யாதே, வெளிய தெரியவிடாதே, தெரிஞ்சா ஆட்டத்துல நிஜமான ஆபத்தே இல்லன்னு நினைச்சிடுவாங்கன்னு எச்சரிக்கையும் பண்ணுது. எனக்கு இப்ப வேற மாதிரி தோணுது. வெளிய தெரியலன்னாலும் அவகிட்டேர்ந்து நான் எடுத்தது எடுத்ததுதானே? பாலத்தை அவ தாண்டல, நான் தாண்ட வெச்சேன். அந்தச் சந்தோஷமும் அவளோடது இல்ல, நான் போட்ட பிச்சை.

நம்ம பக்கத்துல தெருக்கூத்து பார்த்தவங்களுக்கு இது புரியும். பதினெட்டாம் போர் கூத்துல துரியோதனன் சாவான்னு ஊருக்கே தெரியும், தெரிஞ்சேதான் விடிய விடிய உக்காந்து பார்க்கிறோம். அங்க முடிவு முன்னாடியே எழுதியாச்சு. விளையாட்டு அப்படி இல்லையே. முடிவு யாருக்கும் தெரியாதுங்கிறதுதான் அதுல இருக்கிற ஒரே சத்து. நான் அதைக் கூத்தாக்கிட்டு, விளையாட்டுன்னு அவகிட்ட சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆயாவும் சட்டத்தை வளைச்சுதுதான். ஆனா கட்டை உருளறதுக்கு முன்னாடி, எல்லார் காதுலயும் விழற மாதிரி. விழுந்த கட்டையை அது ஒருநாளும் மாத்திச் சொன்னதில்ல. இந்த வித்தியாசம் புரிய எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு.

அட்டை மறைப்பைத் தூக்கிப் பரண்ல போட்டாச்சு. இப்போ நடுவுல ஒரு எவர்சில்வர் தட்டு, எல்லாப் பகடையும் அதுலதான். டங்குன்னு விழற சத்தம் தெருவுக்கே கேக்கும். ஆரம்பிக்கும்போது மூணு பேரும் சேர்ந்து ஒரு சட்டம் பேசிக்கிட்டோம்: ஆட்டத்துக்கு ஒரே ஒரு தடவை, யார் வேணும்னாலும் தன்னோட பகடையைத் திருப்பி உருட்டலாம். பாப்பா அதையும் ஒத்துக்க அரை மணி நேரம் பேரம் பேசினா. தம்பிக்கும் அதே சட்டம்தான்னு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் சரின்னா.

அடுத்த ஆட்டத்துல மல்லி மதில் ஏறும்போது 2 விழுந்துச்சு. திருப்பி உருட்டினா, 4. கீழ விழுந்தா. உயிர் பிழைக்கிற பகடை மூணும் பத்துக்குக் கீழ. தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தா. எனக்குக் கை பரபரத்துச்சு, தொடையில வெச்சு அழுத்திக்கிட்டேன்.

"செத்துட்டேன்" அப்படின்னா. அரை மணி நேரம் யார்கிட்டயும் பேசல. அக்கா என்னை முறைச்சுது. அப்புறம் ரெண்டு தோசை சாப்பிட்டு, ஒரு வெள்ளைப் பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தா.

"இந்தத் தடவை திருடி. ஆனா அவளுக்கு மதில் ஏறத் தெரியும்."

உங்க வீட்டுத் தாயத்துல கடைக்குட்டிக்கு என்ன சட்டம்? சொல்லுங்க மக்களே. அடுத்த வாரம் திண்டிவனத்துல பேரம் பேச உதவும் :-)