மாலை வாங்கிக்கொண்ட பேச்சாளன்

வேலையிடத்தில் எல்லா இனத்தவருக்கும் இடம் வேண்டும் என்று நான் பேசாத கோயில் மண்டபம் சுங்கை பட்டாணியிலிருந்து லூனாஸ் வரை அதிகம் இருக்காது. அத்தனை பேச்சிலும் ஒருவர் மனத்தைக்கூட நான் மாற்றவில்லை. மாற்ற அங்கே ஆளே இல்லை. வேலை கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், சங்கத்துக்காரர்கள் எல்லாரும் வரும்போதே என் பக்கம்தான். கைதட்டினார்கள், மாலை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஆள் எடுப்பவர்கள் அந்த மண்டபங்களுக்கு வருவதில்லை. அவர்களை நான் தினமும் வேறோர் இடத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். கூலிம் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் மனிதவளப் பிரிவில் எனக்கு வேலை. யாரை எடுப்பது என்று தாளில் முடிவு செய்வது எங்கள் பிரிவு. நடப்பில் லைன் சூப்பர்வைசர்.

மலாய்க்கார சூப்பர்வைசர் ஒருவர் கேன்டீனில் என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். தோட்டத்துப் பையன்கள் வேண்டாம். சம்பளம் போட்டால் திங்கட்கிழமை வரமாட்டார்கள், தைப்பூசம் என்றால் மொத்தமாகக் காணாமல் போவார்கள். அவருடைய லைனின் வருகைப் பதிவு என் மேசையில்தான் இருந்தது. திங்கட்கிழமை மட்டம் போடுகிறவர்கள் தோட்டத்துப் பையன்கள் அல்ல என்று அதில் தெளிவாகவே தெரிந்தது. நான் சிரித்தேன். “ஆமாம், அவனுங்க அப்படித்தான்” என்றும் சொன்னேன்.

பீடோங் பக்கத்து லயத்தில் பிறந்தவன் நான். அப்பா பால்மரம் வெட்டியவர். அன்றைக்கு வாயை அடைத்தது பயம் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும். ஆனால் பயமில்லை, சுகம். அவர் என்னை அந்தப் பையன்களோடு சேர்க்கவில்லை. அந்தச் சுகத்தைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

மண்டபங்களில் நான் விடாமல் சொன்ன ஆதாரம், லீ ஹ்வோக் ஆவ்னும் முகமது அப்துல் காலிடும் செய்த ஆய்வு. கற்பனைப் பட்டதாரிகளின் பெயரில் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். சீனப் பெயர் இருந்தவற்றில் சுமார் 22 விழுக்காட்டுக்கு நேர்காணல் அழைப்பு வந்தது; மலாய்ப் பெயர் இருந்தவற்றில் 4 விழுக்காட்டுக்குத்தான். அந்த ஆய்வில் இந்தியப் பெயரே கிடையாது. அதை விழுங்கிவிட்டு, நம் பிள்ளைகளுக்கு நடக்கும் அநியாயம் என்று முழங்கினேன்.

அந்த ஆய்வைக் காட்டியிருக்க வேண்டிய ஆள் அந்த சூப்பர்வைசர்தான். பட்டம் வாங்கிய மகள் பினாங்கில் எங்கெங்கோ எழுதிப் போட்டும் பதிலே வரவில்லை என்று அவர் என்னிடமே புலம்பியிருக்கிறார். உங்கள் மகளுடைய பெயரைப் பார்த்து எவனோ விண்ணப்பத்தை ஓரம் வைத்திருப்பான், நீங்கள் இங்கே முனியாண்டி என்ற பெயரைப் பார்த்து ஓரம் வைக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்டிருப்பாரோ மாட்டாரோ, சொல்லியாவது இருக்கலாம்.

யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே பழைய உதாரணம் இருந்தது. 1946, 47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் கள்ளுக்கு எதிராக எழுந்த தொண்டர் படை, குடிக்காதவர்களை உட்காரவைத்துக் கள்ளின் கேட்டை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. நேரே கள்ளுக்கடை வாசலுக்குப் போய் மறியல் செய்தது. குடித்தவர்களை அடித்துத் தண்டித்ததும் உண்டு. அதை நான் மெச்சமாட்டேன். ஆனால் போக வேண்டிய வாசல் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூத்து என்னவென்றால், இந்தக் கதையையும் நான் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தில் 69எஃப் என்ற பிரிவு வந்திருக்கிறது. வேலையிடப் பாகுபாடு பற்றித் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். ஆனால் அது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கு. வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பையன் தொழிலாளியே ஆகவில்லை. அவனுக்காகப் பேசக்கூடிய இடத்தில் இருந்தவன் நான்.

இன்றைக்கு மனிதவளப் பிரிவில் இருக்கும் தம்பி தங்கைகளே, மண்டபத்துக்கு அப்புறம் போகலாம். வருகைப் பதிவை எடுத்துக்கொண்டு முதலில் கேன்டீனுக்குப் போங்கள்.