பெஞ்சைத் தேய்த்தவர்களின் ஊர்வலம்

பிப்ரவரியில் ஹெல்சின்கி போகிறீர்களா? பள்ளிகள் பிரியாவிடை கொண்டாடும் வியாழக்கிழமையைக் கேட்டு வைத்துக்கொண்டு நகரின் நடுவே போய் நில்லுங்கள். கனத்த குளிராடை அவசியம். மிட்டாய் பிடிக்க ஒரு பையும் இருக்கட்டும்.

பின்லாந்தின் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள், கடைசி ஆண்டு பாடங்கள் முடிந்ததும் மாறுவேடம் போட்டுக்கொண்டு திறந்த லோரிகளில் ஏறிவிடுவார்கள். பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர். அவர்களுக்கோ உறைப்பதே இல்லை. போடும் கூச்சலைக் கேட்டால், தொண்டையை வைத்துப் பிழைக்கும் எனக்கே பதறும்! தெருவோரக் குழந்தைகள்மீது மிட்டாய் மழை. லோரியின் பக்கங்களில் கையால் எழுதிய பதாகைகள்: ஆசிரியர், கணிதம், பக்கத்துப் பள்ளி, தங்கள் சோம்பல் என எதையும் விடாமல் வாரும் சிலேடைகள்.

விழாவின் பெயர் ‘பெங்கின்பைனாயைசெட்’. பெங்கி என்றால் பெஞ்சு, பைனா என்றால் அழுத்து. “பெஞ்சைத் தேய்க்கிறான்” என்று நம் வாத்தியார்கள் திட்டுவார்களே, கிட்டத்தட்ட அதையே விழாப் பெயராக்கி விட்டார்கள்.

எஸ்.பி.எம். கடைசித் தாளை எழுதி முடித்த பிறகுதான் நாம் சட்டையில் கையெழுத்து வாங்கினோம். இவர்களுக்கோ பள்ளியிறுதித் தேர்வே மார்ச்சில்தான், குறைந்தது 5 பாடங்கள். மிட்டாய் தீர்ந்ததும் ஆளுக்கொரு மூலையில் தனியாகப் படிக்க வேண்டும். ஒரே வகுப்பில் கூடி அரட்டையடித்த காலம் அந்த லோரியோடு சரி.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அடுத்த வகுப்பினர் நீண்ட கவுனும் கோட்டும் அணிந்து பள்ளியில் நடனமாடுவார்கள். இனி ‘மூத்தவர்கள்’ அவர்கள்தான். பெஞ்சு ஒரு நாள்கூடக் காலியாக இருப்பதில்லை.