முத்தும் மீன்கூடையும்

தூத்துக்குடி என்றதும் நம் நினைவுக்கு வருவது முத்து. கொற்கைப் பாண்டியர் காலந்தொட்டு இக்கரைக்குப் புகழ் தேடித் தந்தது அதுதான். வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோவும் 13-ஆம் நூற்றாண்டில் இக்கடலின் முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லி வைத்தார். முத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதே கரையில் மீன் கூடையைத் தலையில் சுமந்து நடந்த பெண்ணைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்?

ஐரோப்பாவிலும் வெகுகாலம் இதே கதைதான். பெரிய சித்திரம் என்றால் அரசர்களும் தேவதைகளும் யுத்தங்களுமே. அவ்வழக்கத்தை மாற்றியவர்களில் ஒருவர் காமில் பிஸ்ஸாரோ. 1830-இல் மேற்கிந்தியத் தீவு ஒன்றில் பிறந்து, பிரான்ஸில் வாழ்ந்தவர். அவரும் நண்பர்களும் 1874-இல் பாரிஸில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அதில் க்ளோத் மோனே வைத்திருந்த படம், லெ ஹாவ்ர் துறைமுகத்துச் சூரியோதயம். அப்படத்தின் தலைப்பைப் பற்றிக்கொண்டு பத்திரிகைக்காரர் ஒருவர் கேலியாகச் சூட்டிய ‘இம்ப்ரெஷனிஸ்ட்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. கணநேரத்து ஒளி கண்ணில் எப்படிப் பதிகிறதோ அப்படியே வர்ணத்தில் பிடித்துவிடுவது இவர்களுடைய வழி.

பிஸ்ஸாரோ 1882-இல் போந்துவாஸ் ஊரின் கோழிச் சந்தையையும், 1885-இல் ஜிஸோர் ஊரின் கோழிச் சந்தையையும் எழுதினார். அவற்றில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. கூடையும் கையுமாக நிற்கும் குடியானவப் பெண்களே கதாநாயகிகள். அந்தக் கிராமத்துச் சந்தைகளைக் காண இன்று மக்கள் கண்காட்சிச் சாலைகளைத் தேடிச் செல்கிறார்கள்!

துறைமுகத்துச் சூரியோதயம் லெ ஹாவ்ருக்கு மட்டும் சொந்தமா? தூத்துக்குடியிலும் சூரியன் கடலிலிருந்துதான் எழுகிறான். உப்பளங்களில் குவித்த உப்பு அவன் ஒளி பட்டு முதலில் சிவக்கிறது. பிறகு கண் கூசும்படி வெளுக்கிறது. திரேஸ்புரம் கரையில் வள்ளம் வந்து ஒதுங்கினால் போதும், சந்தை கூடிவிடும். சாளையும் பாறையும் நெத்திலியும் மணலில் குவிகின்றன. ஏலக்காரரின் குரல் அலையோசையை மிஞ்சுகிறது. வாங்கிய மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டு பெண்கள் விரைகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டுமே! ஈரச் செதிலின் வெள்ளி மினுமினுப்பும், சேலைகளின் சிவப்பும் பச்சையும் ஒரு கணம் ஒன்றாகக் கலந்து மறுகணம் கலைகின்றன. பிஸ்ஸாரோவுக்கு வேறென்ன வேண்டும்? வாசனையைத்தான் அவரால் எழுத முடிந்திராது!

முத்துக்குளிப்புக் காலத்திலும் இக்கரையில் பெருஞ்சந்தை கூடியது. சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலம் விட்டார்கள். உள்ளே முத்தா, வெறும் சதையா என்பது திறந்த பிறகே தெரியும்; அதுவரையில் வாங்கியவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்! 1961-ஆம் ஆண்டோடு அந்தக் கோலாகலம் முடிந்தது. முத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். அந்த முகங்களை எந்தப் பெட்டியில் வைப்பது?

மீன் சந்தையோ இன்றும் கூடுகிறது. தூத்துக்குடிக்குப் போகும் பெற்றோர்களே, பனிமய மாதா கோவிலையும் துறைமுகத்தையும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அப்படியே ஒரு வர்ணப் பெட்டியையும் கையில் கொடுத்து, மீன் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். சங்கும் முத்தும் கடலடியில் கிடைப்பவை. இந்தச் செல்வம் கரையிலேயே, எல்லார் கண்ணெதிரிலும் கிடக்கிறது.