'பிடி'க்கு எத்தனை அட்டை

அகராதி வேலையில் பெயர்ச்சொற்கள் சீக்கிரம் முடிந்துவிடும். அம்மி என்றால் அம்மி. நாள் முழுக்க வாயில் புழங்கும் வினைச்சொல் அப்படி இல்லை, வாரக்கணக்கில் மேசையை விட்டு நகராது. 'பிடி' என் மேசையில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தது. கதைகளிலிருந்தும் நாளிதழ்களிலிருந்தும் பேச்சிலிருந்தும் எடுத்தெழுதிய வாக்கியங்கள், அட்டைக்கு ஒன்றாக. மீன் பிடித்தார்கள். குடை பிடித்தான். ஆட்டோ பிடித்து வந்தாள். குழாயில் தண்ணீர் பிடித்தாள். பையன் அடம் பிடித்தான். ஊர் போய்ச் சேர மூன்று மணி நேரம் பிடித்தது.

அட்டைகளைக் கட்டுக் கட்டாகப் பிரிக்க வேண்டும். 'எனக்கு மழை பிடிக்கும்' என்ற அட்டையில் பொருள் 'விரும்பு' என்று எழுதி மூத்த ஆசிரியரிடம் நீட்டினேன்.

"தம்பி, 'எனக்கு மழை விரும்பும்'னு யாராவது சொல்வாங்களா?"

"இல்லைங்கய்யா."

"அப்புறம் எப்படி இது அதுக்குப் பொருளாகும்?"

அட்டையைத் திருப்பித் தந்துவிட்டார். அன்று மாலை முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரும்புகிறவன் 'நான்', மனசு வைத்து விரும்புகிறான். பிடிப்பதில் 'நான்' கிடையாது, 'எனக்கு'தான் உண்டு. அடுத்த கட்டில் இருந்த அட்டையை எடுத்தேன்: 'எனக்குச் சளி பிடித்திருக்கிறது.' அங்கும் அதே 'எனக்கு'. மழை பிடிப்பதும் சளி பிடிப்பதும் என்னைக் கேட்டுக்கொண்டு நடப்பவை அல்ல, எனக்கு நேர்பவை. ஆனால் சனி பிடித்தால் 'அவனை' என்கிறோம். வெளியிலிருந்து வந்து அமுக்குவதற்கு 'ஐ', உள்ளேயே மூளுவதற்கு 'கு'. பேய்க்கு இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள், அது உள்ளே போய்விட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து என்று எனக்குத் தோன்றும். அன்றைக்குக் கட்டுகளையெல்லாம் கலைத்து, பொருளை விட்டுவிட்டு வேற்றுமை உருபைப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினேன்.

காலமும் சும்மா இருப்பதில்லை. பெண் பார்த்துவிட்டு வந்த பையனிடம் 'பிடிச்சிருக்கா?' என்றுதான் கேட்பார்கள், 'பிடிக்குமா?' என்று கேட்பதில்லை. பிடிப்பது ஒரு கணத்தில் நடந்து அப்படியே தங்கிவிட்டதா என்பதுதான் கேள்வி. கன்னடத்தில் நம் 'பிடி' 'ஹிடி' ஆகிவிட்டது. அங்கும் மனசுக்குப் பிடித்துப்போனால் 'நனகெ ஹிடிசிது' என்பார்கள், நமக்கு உள்ள அதே 'கு'வோடு.

முன்னே வந்த அகராதிகளையும் புரட்டினேன். சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வது. செய்யுளில் பொருள்களை அடுக்கும், மனப்பாடம் செய்ய வசதி. வாக்கியம் காட்ட அதில் இடமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. அதன் விரிவு இன்றைக்கும் மலைக்க வைக்கிறது. 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் புரட்டியபோதுதான், பொருளுக்குப் பக்கத்திலேயே நாம் பேசும் வாக்கியம் நிற்பதைக் கண்டேன். வினைச்சொல்லுக்கு அந்த வாக்கியம்தான் உயிர்.

'பிடி'க்கு 'பற்று' என்று மாற்றுச்சொல் தருவோம். மாற்றி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். வீடு தீப்பிடித்தது, தீப்பற்றியது, இரண்டும் சரி. அடுப்பைப் பற்றவைக்கலாம், பிடிக்கவைக்க முடியாது. 'கையைப் பற்றினான்' என்றால் அன்பு. 'கையைப் பிடித்தான்' என்றால் துணைக்கா சண்டைக்கா என்று அடுத்த வரிதான் சொல்ல வேண்டும். கணக்குப் புத்தகத்தில் பற்று, சம்பளச் சீட்டில் பிடித்தம். 'சோறு பத்தாது' என்கிறோமே, அதுவும் பற்றுதான். 'பற்றாது' நாக்கில் தேய்ந்து 'பத்தாது' ஆனது. 'பற்றாக்குறை' மட்டும் எழுத்தில் பழைய முகத்தோடு நிற்கிறது.

கொழுக்கட்டை பிடிப்பதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அம்மாவின் கையைப் பார்த்தேன். வெந்த மாவைச் சூட்டோடு எடுத்து உள்ளங்கையில் ஒரே அழுத்து. கை விரிந்தால் நாலு விரலும் பதிந்த பள்ளங்களோடு பிடிகொழுக்கட்டை. குடையைப் பிடித்தால் குடை குடையாகவே இருக்கிறது, மாவைப் பிடித்தால் வேறொன்று உண்டாகிறது. பிள்ளையார் பிடிப்பதும் இந்த வகைதான். அதற்குத் தனிக் கட்டு போட்டேன்.

கடைசியில் ஒரு அட்டை மட்டும் எதிலும் சேராமல் மிஞ்சியது: 'கதிர் பால் பிடித்துவிட்டது.' அத்தை வயலில் சொன்னது. ஒரு நெல்லைக் கிள்ளி இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கினாள். வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது. "பாத்தியாடா, பிடிச்சிருச்சு" என்றாள். யார் யாரைப் பிடித்தது? 'ஐ' இல்லை, 'கு'வும் இல்லை. ரொம்ப நாள் கழித்து, தெருக்குழாயடியில் ஒரு குடம் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது விளங்கியது. மறுநாள் அந்த அட்டையை 'குழாயில் தண்ணீர் பிடித்தாள்' கட்டில், முதல் அட்டைக்கு அடியில் செருகினேன்.