கைதட்டாத சபை

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் ஆரியசாலைப் பக்கம் போனால் மலையாளத்தோடு தமிழும் தாராளமாகக் காதில் விழும். நவராத்திரிக்குத் தமிழ்நாட்டிலிருந்து தெய்வங்களே வந்துவிடுகின்றன. பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் ஊர்வலமாக எல்லை தாண்டி வருகிறார்கள். குமாரசுவாமி ஆரியசாலை தேவி கோயிலில் தங்குகிறார். சரஸ்வதிக்குக் கிழக்கே கோட்டையின் நவராத்திரி மண்டபம்.

அங்கே பாடுவது பெரிய வித்வான்களுக்கே சோதனை. ஒன்பது நாளுக்கும் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகள். முதல் நாள் சங்கராபரணம், நான்காம் நாள் தோடி, கடைசி நாள் ஆரபி என்று ராகமும் முன்பே முடிவானது. கைதட்டல் கிடையாது. கச்சேரி தேவிக்கு, சபை வெறும் சாட்சி. ரசித்தார்களா, சலித்தார்களா என்று தெரியாமலே, தம்புரா சுருதியை நம்பிப் பாடி முடிக்க வேண்டும்.

பெண்களுக்கோ அந்தச் சோதனையும் மறுக்கப்பட்டிருந்தது. பெண் தெய்வத்தின் முன் ஆண்கள் மட்டுமே பாடினார்கள். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவியும் முதல் ஆசிரியையுமான பாறசாலை பொன்னம்மாள், அதே ஊரில் வாழ்நாளெல்லாம் பாடியும் காத்திருக்க நேர்ந்தது. அரச குடும்பத்து இசைக் கலைஞர் ராம வர்மாவின் முயற்சியால் 2006-ல் தடை விலகியபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

2021-ல் பொன்னம்மாள் மறைந்தார். அவர் திறந்த வழியில் இன்று மற்றப் பெண்களும் அந்த மண்டபத்தில் பாடுகிறார்கள். கைதட்டல் மட்டும் இன்னும் யாருக்கும் இல்லை.