கருகிய காயில் சொன்ன கணக்கு

கொங்குப் பகுதியில் ஒன்றரை ஏக்கரில் மஞ்சள் வைத்திருந்தார் அந்த விவசாயி. கிணற்றில் 5 ஹெச்.பி. மும்முனை மோட்டார். ஒரே பட்டத்தில் இரண்டு முறை காயில் கருகியது. இரண்டாவது முறை மோட்டார் திரும்பி வருவதற்குள் மஞ்சள் இலை சுருண்டுவிட்டது.

"கரண்ட் இலவசம், அதை எதுக்கு அளக்கணும்?" என்பார். ரிலே அடிக்கடி ட்ரிப் ஆகவே, அதை 7.5-லிருந்து 10 ஆம்பியருக்கு அவரே திருப்பி வைத்திருந்தார்.

காயில் கட்டிய இளைஞர், மாலையில் மோட்டார் ஓடும்போது அளந்து பார்த்தார். 340 வோல்ட், 9.1 ஆம்பியர்.

"பெரியப்பா, தகட்டுல 415 வோல்ட், 7.5 ஆம்பியர்னுதானே இருக்கு?" என்றவர், மோட்டார் அறைச் சுவரில் கரித்துண்டால் எழுதினார்:

வாட் = 1.732 × வோல்ட் × ஆம்பியர் × பவர் ஃபேக்டர்

பவர் ஃபேக்டர் 0.8 என்றால், 1.732 × 415 × 7.5 × 0.8 = சுமார் 4,300 வாட். அதே அளவு தண்ணீரை இறைக்க அதே 4,300 வாட் வேண்டும். வோல்ட் 340-க்கு இறங்கினால், ஆம்பியர் 9.1-க்கு ஏறித்தான் ஆக வேண்டும். காயிலில் உண்டாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். அதாவது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

பெரியவர் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தார். "அப்ப, ரிலே காப்பாத்தப் பார்த்திருக்கு. நான்தான் எரிச்சிருக்கேன்."

ரிலே மறுபடியும் 7.5-க்கு வந்தது. 2 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் ஒன்றும் மாட்டினார்கள். அது மோட்டாரின் காயில் எடுக்கும் ஆம்பியரைக் குறைக்காது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் கம்பியில் ஓடும் ஆம்பியரைத்தான் குறைக்கும். 340 வோல்ட்டிலேயே 9.1 ஆம்பியர் சுமார் 8 ஆகும். கம்பியில் ஆம்பியர் குறைந்தால் வோல்ட் இறக்கமும் குறையும். ஒருவர் மாட்டினால் மாற்றம் சிறிதுதான். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லோரும் மாட்டினால், கடைசித் தோட்டத்து மோட்டாருக்கும் தெம்பு வரும். அதனால் பெரியவர் இப்போது பக்கத்துத் தோட்டக்காரர்களையும் விடுவதில்லை.

கெபாசிட்டரை ரிலேக்கு முன்னால், ஸ்டார்ட்டர் பக்கமாக மாட்டச் சொல்லுங்கள். ரிலேக்குப் பின்னால் மாட்டினால் ரிலே குறைந்த ஆம்பியரையே பார்க்கும். அதற்கேற்ப அளவையும் இறக்கி வைக்க வேண்டும்.

உங்கள் மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியர் எவ்வளவு, ரிலே எதில் நிற்கிறது? அடுத்த தண்ணீர் பாய்ச்சும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.