கூலி என்ன பால்?

டச்சு அகராதியில் 'கூலி' இருக்கிறது. எழுத்துக்கூட்டல் வேறு; வாய்விட்டுப் படித்தால் நாம் சொல்கிற அதே ஒலி. பக்கத்தில் ஓர் எழுத்து, ஒரு புள்ளி: 'எம்.' அதற்குப் பின்னால்தான் நான் போனேன்.

என் குடும்பம் நெகிரி செம்பிலான், ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பம். மலாக்கா நீரிணைக்கு அக்கரையில், சுமத்ராவின் டெலியில் டச்சுக்காரர்கள் நடத்திய தோட்டங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் கண்ணில் பட்டது. ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டு ஓடினால் தண்டனை உண்டு என்ற சட்டம். அதன் பெயரிலேயே நம் சொல் இருந்ததால் அகராதியைத் திறந்தேன்.

முன்பக்கத்தில் வரும் குறுக்க விளக்கத்தைப் பெரும்பாலோர் புரட்டிவிட்டுப் போவார்கள். திறவுகோல் அங்கேதான் இருக்கிறது. 'எம்.' என்றால் மன்னெலிக், ஆண்பால். 'ஃபே.' என்றால் ஃபிரவ்வெலிக், பெண்பால். 'ஓ.' என்றால் ஒன்சைடிக், இரண்டிலும் சேராதது. முதல் இரண்டு வகைக்கும் முன்னால் 'டெ' வரும், மூன்றாவதற்கு 'ஹெட்'. நெதர்லாந்தின் பேச்சில் முதல் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு இன்று பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. அகராதிகள் மட்டும் விடாமல் குறித்துவருகின்றன. மலாயில் கலந்த தமிழ்ச் சொற்களைப் பற்றி ஃபான் ரோங்கெல் என்ற டச்சு அறிஞர் 1902இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'ஹெட்' என்றுதான் தொடங்குகிறது. அடுத்து வரும் சொல் 'ஓ.' வகை என்று அகராதியைத் தொடாமலே சொல்லிவிடலாம்.

நமக்கு இந்தத் தொல்லை கிடையாது. தமிழில் பால் பொருளைப் பார்த்து வருவது. மொழி, மேசை எல்லாம் அஃறிணை. டச்சில் மொழியைக் குறிக்கும் சொல் பெண்பால். ஆனாலும் குழந்தை என்று வரும்போது இரண்டு மொழியும் கைகோத்துக்கொள்கின்றன. அங்கே அது 'ஓ.', இங்கே 'குழந்தை அழுகிறது' என்கிறோம்.

கூலிக்கு வருகிறேன். வள்ளுவர் 619ஆம் குறளில் இந்தச் சொல்லை வைத்தது உழைப்புக்குக் கிடைக்கும் பலன் என்ற பொருளில். கொடுப்பது, வாங்குவது, ஆள் அல்ல. கப்பலேறிய சொல்லுக்குத் தமிழே மூலம் என்பது ஒரு கட்சி, குஜராத்தின் கோலி இனத்தார் பெயர் என்பது இன்னொரு கட்சி. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இரண்டையும் எடுத்துப் பேசுகிறது. துறைமுகங்களில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எப்படிப் பார்த்தாலும், டச்சு அகராதிக்குள் நுழையும்போது அது சம்பளமாக இல்லை. ஆளாக, அதுவும் ஆண்பாலாக இருந்தது. பெண்ணைச் சொல்ல வேண்டுமானால் பெண் என்ற சொல்லைப் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள்.

இங்கே என்னால் அகராதியோடு ஒத்துப்போக முடியவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவர்களில் பெண்களும் இருந்தார்கள். என் பாட்டி மரம் சீவினார், கோப்பையில் வடிந்த பாலை வாளியில் சேர்த்தார், அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடந்தார், ஆளில்லாத நாளில் புல்லும் வெட்டினார். 'கூலிக்குப் போறேன்' என்பது அவர் வாயில் புழங்கிய பேச்சு. தன்னையே கூலி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படிக் கூப்பிட்டவர்கள் மேலே இருந்தவர்கள்.

அகராதி எழுதியவர்களிலும் மேலே இருந்தவர் ஒருவர் உண்டு. ஆர். ஜே. வில்கின்சனின் மலாய்-ஆங்கில அகராதி 1901இலிருந்து 1903 வரை சிங்கப்பூரில் வெளிவந்தது. சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்பதை அவரும் சின்னக் குறுக்கமாகத்தான் போடுவார். கடை, கப்பல், பெட்டி, கட்டில் எல்லாம் மலாயில் குடியேறிய நம் சொற்கள். அதே வில்கின்சன் 1910இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக எங்கள் நெகிரி செம்பிலானின் தலைநகரான சிரம்பானுக்கு வந்தார். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கொண்டுவருவது நின்றதும் அதே 1910இல்தான். கங்காணி என்ற ஆள்திரட்டி வழியாக ஆள் வருவது 1938 வரை நீடித்தது.

சொல்லுக்குப் பால் இல்லாத நம் மொழியில், சம்பளத்துக்குப் பால் இருந்தது. 1920களின் கடைசியில் மலாயாவில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களுக்கு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு.